கிங்-ஜாக்ல கிங் வந்தும் தோக்குறேன், ஏன்?

கேள்வி: ஆறு மாசமா ஹோல்டம் ஆடுறேன் (ஆளுக்கு ரெண்டு கார்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு கார்டு விழுற போக்கர்), ஒன்பது பேர் டேபிள். கிங்-ஜாக், குயின்-10, ஏஸ்-9 மாதிரி ஹேண்ட் வந்தா யார் ரேஸ் பண்ணாலும், அதாவது பந்தயத்த ஏத்துனாலும், அதே அளவு போட்டு கால் பண்ணிடுவேன். கிங் விழுந்தாலும் கடைசில காசு போயிடுது. "ரெண்டு படக் கார்டுனா விடவே கூடாது"ன்னு போட்ட ஒரு சார்ட்டையும் காசு குடுத்து வாங்கிருக்கேன். ஃப்ளாப்புக்கு (நடுவுல முதல்ல விழுற மூணு கார்டு) அப்புறம் எனக்கு ஆடத் தெரியலையா?

பதில்: ஃப்ளாப்புக்கு அப்புறம் நடக்குறத விடுங்க. உங்க காசு போறது அதுக்கு முன்னாடியே முடிவாயிடுது, முன்னாடி ஒருத்தர் ரேஸ் பண்ணிருக்கும்போது கிங்-ஜாக்க வச்சுக்கிட்டு கால் சொல்றீங்க பாருங்க, அந்த எடத்துல.

ரேஸ் பண்ணவர் பக்கத்துல இருந்து யோசிங்க. முதல் ஆளா பேசுறாரு, பின்னாடி இன்னும் எட்டு பேர் பாக்கி இருக்காங்க, அப்படியும் ரேஸ் பண்றாருன்னா கண்டதையும் வச்சுப் பண்ண மாட்டாரு. 10 ஜோடில இருந்து ஏஸ் ஜோடி வரைக்கும், அப்புறம் ஏஸ்-கிங், ஏஸ்-குயின்னு வச்சுக்குவோம். உங்ககிட்ட இருக்குற கிங்கையும் ஜாக்கையும் கழிச்சிட்டா இதெல்லாம் அவர் கைக்கு வர்றதுக்கு 52 வழி இருக்கு. அந்த 52ல கிங்-ஜாக் ஜெயிச்சுட்டு இருக்குற கை எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, ஒண்ணுகூட கிடையாது.

அதுலயும் மோசமானது ஏஸ்-கிங். அதுக்கு எதிரா உங்க கிங்-ஜாக் நாலு தடவைல ஒரு தடவைதான் தேறும். ஆனா அதே ஏஸ்-கிங்குக்கு எதிரா ஒரே சூட்ல (ஹார்ட், ஸ்பேட் மாதிரி ஒரே சின்னத்துல) ஒரு 7-6 இருந்தா கிட்டத்தட்ட 40 சதவீதம் ஜெயிக்கும். நம்ப முடியலல்ல? 7-6க்கு உதவுற கார்டு அதுக்கு மட்டுமே உதவுது, உங்களுக்கோ கிங் விழுந்தா அவருக்கும் சேர்த்தே விழுது, உங்களக் காப்பாத்த டெக்ல மிச்சம் இருக்குறது மூணே மூணு ஜாக். இதத்தான் டாமினேட் ஆகுறதுன்னு சொல்றோம்.

இப்ப காசக் கணக்கு போடுங்க. ப்ளைண்ட்னா கார்டப் பாக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமாப் போடுற காசு, பிக் ப்ளைண்ட் 1, ஸ்மால் ப்ளைண்ட் அதுல பாதி. அவர் 3 பிக் ப்ளைண்ட்டுக்கு ரேஸ், நீங்க பட்டன்ல (ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியாப் பேசுற சீட்) கால், ப்ளைண்ட் ரெண்டு பேரும் ஃபோல்ட் (கார்டப் போட்டுட்டு விலகுறது), நடுவுல சேந்த பாட் ஏழரை. ஃப்ளாப் கிங், 8, 4. உங்களுக்கு ஒரே சந்தோஷம். அவர் 5 போடுறாரு, கால். டர்ன்ல (நாலாவது கார்டு) 2 வருது, 12 போடுறாரு, டாப் பேராச்சே (நடுவுல இருக்குறதுலயே பெரிய கார்டோட ஜோடி), எப்படி விடுறதுன்னு கால். ரிவர்ல (அஞ்சாவது, கடைசிக் கார்டு) 28 போடுறாரு, இவ்ளோ தூரம் வந்தாச்சேன்னு அதுக்கும் கால். அவர் ஏஸ்-கிங்கத் திருப்பிக் காட்டுறாரு, ரெண்டு பேருக்கும் கிங் ஜோடி, ஆனா கூட இருக்குற கார்டு அவருக்கு ஏஸ், உங்களுக்கு ஜாக். மொத்தம் 48 பிக் ப்ளைண்ட் போச்சு. அதே ஃப்ளாப்புல அவர்கிட்ட 10 ஜோடி இருந்தா என்ன ஆகும்? ஃப்ளாப்ல ஒரு தடவை 5 போடுவாரு, நீங்க கால் பண்ணதப் பாத்துட்டு அப்புறம் காசு போடாம செக் பண்ணிட்டு உக்காந்துடுவாரு. உங்களுக்கு லாபம் ஒன்பதரை. ஒரு தடவை போனத எடுக்க அஞ்சு தடவைக்கு மேல ஜெயிக்கணும். கிங் வராதப்ப உங்களுக்குப் பெருசா நஷ்டமே இல்ல, ஃபோல்ட் பண்ணிட்டுப் போயிடுறீங்க. கிங் வந்துதான் உங்களக் கவுக்குது.

அதனால முன்னாடி சீட்ல இருந்து ரேஸ் வந்தா கிங்-ஜாக், குயின்-10, ஏஸ்-9 எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. யாருமே பேசாம நீங்கதான் முதல் ஆள்னாலும் அப்படித்தான். பின்னாடி இருக்குற எட்டு பேர்ல யாராவது ஒருத்தர்கிட்ட கிங்-ஜாக்க அமுக்குற கை இருக்க நாலுல ஒரு தடவைக்கு மேலயே வாய்ப்பு இருக்கு.

ஒரே ஒரு எடம் மட்டும் வேற, அத நிதானமாப் படிங்க, இதத்தான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்குறாங்க. நீங்க பிக் ப்ளைண்ட், எல்லாரும் ஃபோல்ட், பட்டன்ல இருக்குறவர் மட்டும் ரெண்டரைக்கு ரேஸ், ஸ்மால் ப்ளைண்ட்டும் ஃபோல்ட். நீங்க ஏற்கனவே 1 போட்டாச்சு, இன்னும் ஒன்றரை போட்டா போதும், பாட்ல ஏற்கனவே 4 கெடக்கு. அதாவது 27 சதவீதம் ஜெயிச்சாலே கணக்கு சரியாயிடும். அதோட பட்டன்ல இருக்குறவர் பின்னாடி ரெண்டே பேர்தான்னு தெரிஞ்சு கிங்-8, குயின்-9, ஜாக்-10ன்னு என்னென்னமோ வச்சு ரேஸ் பண்ணுவாரு, அதுல பாதி உங்க கிங்-ஜாக்குக்குக் கீழதான். அங்க கால் பண்ணுங்க, தயங்காதீங்க. ஆனா அதே பிக் ப்ளைண்ட்ல இருந்து, முதல் சீட்ல இருக்குற, நல்ல கை மட்டும் ஆடுற அந்தக் கெட்டியான ஆளு 4க்கு ரேஸ் பண்ணாருன்னா "நான் ப்ளைண்ட்லதான இருக்கேன்"னு கால் பண்ணாதீங்க, அங்க உங்க சீட் மாறல, ரேஸ் பண்ண ஆள் மாறிட்டாரு. யார் ரேஸ் பண்ணாங்க, எந்த சீட்ல இருந்து, எவ்வளவுக்கு, இந்த மூணையும் பாக்காம "ப்ளைண்ட்னா கால்"னு மனப்பாடம் பண்றவங்களாலதான் நான் இவ்வளவு தூரம் எழுத வேண்டியிருக்கு.

இப்ப அந்த சார்ட்டுக்கு வருவோம். அத வித்தவர் உங்களுக்கு போக்கர் ஆப்ல ஏதாவது கிளப்ல சேத்து விடுற ஏஜென்ட்டான்னு முதல்ல விசாரிங்க. இப்படிப்பட்ட ஏஜென்ட் நிறைய பேருக்கு வருமானம் நீங்க கட்டுற ரேக்ல (பாட்ல இருந்து ஆட்டம் நடத்துறவங்க எடுக்குற கமிஷன்) ஒரு பங்கு. நீங்க ஜெயிச்சாலும் தோத்தாலும் அவருக்குக் கவலையில்ல, நீங்க ஆடணும், அவ்வளவுதான். நிறைய எடத்துல ஃப்ளாப் வராத பாட்ல ரேக் எடுக்க மாட்டாங்க, அப்ப நீங்க கிங்-ஜாக்க ஃபோல்ட் பண்ணா அவருக்கு எதுவும் கெடைக்காது, கால் பண்ணா கெடைக்கும். ரெண்டு படக் கார்ட விடாதீங்கன்னு ஏன் சொல்றாருன்னு புரியுதா? எனக்கும் ஆரம்பத்துல ஒருத்தர் இப்படித்தான் வாய்ச்சாரு, நிறைய ஆடுனா நிறைய ரேக்பேக்னு சொல்லி, நான் இழந்ததுல கொஞ்சத்த எனக்கே திருப்பிக் குடுத்துட்டு நன்றி வேற எதிர்பார்த்தாரு. பாயிண்ட், லெவல், போனஸ் எல்லாமே எவ்வளவு ரேக் கட்டுனீங்கன்றத வச்சுத்தான் பெரும்பாலும் குடுக்குறாங்க, ஒழுங்கா ஃபோல்ட் பண்றவனுக்கு ஒரு பாயிண்ட்டும் கெடையாது, இத என்னைக்கு மாத்தப் போறாங்கன்னு தெரியல.

இன்னொன்னு, ஜெயிச்ச கிளிப்ப மட்டும் போட்டு கத்துக் குடுக்குறவங்கள நம்பாதீங்க. பேர்போன போக்கர் ஆட்டக்காரர் டாயில் ப்ரன்சன் 1976லயும் 1977லயும் வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவண்ட்டோட கடைசி ஹேண்ட்ட 10-2 வச்சு ஜெயிச்சாரு, ரெண்டு தடவையும் ஃபுல் ஹவுஸ் (ஒரே மாதிரி மூணு கார்டும் ஒரு ஜோடியும்). அதுக்காக 10-2 நல்ல ஹேண்ட் ஆயிடுமா?

இனிமே எப்பவாவது கால் பண்ணி மாட்டி, கிங் விழுந்து, உங்ககிட்ட கிங்-ஜாக் இருந்தா: ஃப்ளாப்ல ஒரு கால் பண்ணுங்க. டர்ன்ல அந்தக் கெட்டியான ஆளு மறுபடியும் பெருசாப் போட்டா அங்கயே விட்டுடுங்க, 8 பிக் ப்ளைண்ட்டோட போகும், 48 போகாது.