யூரிக் அமிலக் கல்: தக்காளி, கீரையை நிறுத்தினால் போதுமா?

"கிட்னியில் யூரிக் அமிலக் கல் என்கிறார்கள். தக்காளி, கீரையை நிறுத்திவிட்டேன், போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாதுங்க. நானும் முதலில் அதைத்தான் செய்தேன்.

எனக்கு வீடு காசிமேடு, வேலை வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில். அங்கே கழிப்பறை வசதி சரியில்லாததால் காலையிலிருந்து ராத்திரி வரை இரண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்க மாட்டேன். வாரத்தில் நாலு நாள் நெத்திலி, ஞாயிறு ஆனால் ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்). கத்திரி வெயிலில் ஒரு நாள் விலாவுக்குக் கீழே பிடித்த வலி தொடை இடுக்கு வரை இறங்கியது. எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியவில்லை. இந்தக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாதாம். ஸ்கேனில்தான் அகப்பட்டது.

பாலக் கீரையைக் குறைக்கச் சொல்வது கால்சியம் ஆக்சலேட் என்ற வேறு வகைக் கல்லுக்கு. தக்காளிக்கு அதிலும் பெரிய பங்கில்லை. நம் கல்லுக்கு முக்கியம் சிறுநீரின் புளிப்பு. அதை அளக்கும் எண்தான் பிஎச், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 5.5-க்குக் கீழே போனால் யூரிக் அமிலம் கரையாமல் படிந்துவிடும். 6.5 பக்கம் ஏறினால் படிந்த கல்லே கரையும். ஈரல், ஆட்டுக்கறி, நெத்திலி, மத்தி எல்லாம் இரண்டு விதத்தில் கெடுக்கும்: அவற்றிலுள்ள பியூரின் என்ற பொருள் உடைந்து யூரிக் அமிலம் கூடும், சிறுநீரும் புளிக்கும். காய்களும் பழங்களும் அந்தப் புளிப்பைத் தணிக்கும். பியர், பாட்டில் குளிர்பானம் இரண்டையும் விட்டுவிடுங்கள். பருப்புக்குப் பயப்பட வேண்டாம்.

டாக்டர் சிறுநீரின் புளிப்பைத் தணிக்கும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்தைக் கொடுத்து, சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும் பிஎச் பட்டையில் பார்த்துக்கொள்ளச் சொன்னார். முதல் நாள் காலை பட்டை அப்படியே ஆரஞ்சு நிறத்தில் நின்றது, அதாவது நல்ல புளிப்பு. இரண்டு வாரத்தில் புளிப்பு தணிந்து பச்சைச் சாயல் தட்டியதும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாம் மாத ஸ்கேனில் கல் இல்லை. இந்த மருந்தை நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள், கிட்னி பலவீனமாக இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஆபத்தாகும். வாழைத்தண்டும் நல்ல காய்தான். ஆனால் அதை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

சர்க்கரை பார்த்தீர்களா? நீரிழிவும் தொப்பையும் உள்ளவர்களுக்குக் கறியே தொடாவிட்டாலும் சிறுநீர் புளிப்பாக இருக்கும்.

தண்ணீரை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். சென்னை வியர்வைக்கு மூன்று லிட்டருக்கு மேலேயே குடிக்க வேண்டியிருக்கிறது. நான் முதலாளியிடம் வெட்கப்படாமல் சொல்லி, பக்கத்துக் கடைக் கழிப்பறைக்கு ஏற்பாடு செய்துகொண்டேன். நீங்களும் கேளுங்கள்.