கேளுங்க அக்கா: "இந்த வயசுல எதுக்கு?"

அம்பது தாண்டின பிறகு புதுசா ஏதாவது ஆரம்பிச்சவங்க எழுதுங்கன்னு போன இதழ்ல ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடுதாசி, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் படிச்சா பாதிக்கு மேல "ஆரம்பிக்கலாமா"ன்னு கேக்குற மாதிரிதான் இருக்கு, யாருகிட்ட கேக்கீங்கன்னுதான் எனக்கு புரியல. குமரி மாவட்டத்துல இருந்து வந்ததை மட்டும் இந்த தடவை எடுத்திருக்கேன். பேரு போடாதீங்கன்னு நிறைய பேர் சொன்னதால யாருக்குமே பேரு போடல.

எனக்கு 54 வயசு. மவ கல்யாணம் ஆகிப் போனதுல இருந்து ரெண்டு வருசமா ஸ்கூட்டி சும்மா நிக்கு. நான் ஓட்டிப் படிக்கட்டான்னு கேட்டதுக்கு எங்க வீட்டுக்காரர் சிரிச்ச சிரிப்புல அடுத்த வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. மவன் சொல்லுகான், ஆட்டோ பிடிச்சுப் போங்கம்மா, காசு நான் தாரேன்னு. இந்த வயசுல லைசென்ஸ் குடுப்பாங்களா அக்கா?
வாசகி, மார்த்தாண்டம்

ஏன் குடுக்க மாட்டாங்க? இத்தனை வயசுக்கு மேல லைசென்ஸ் கிடையாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல. 40 தாண்டினவங்க டாக்டர்கிட்ட ஃபார்ம் 1ஏ-ல ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கணும், அவ்வளவுதான். எல்.எல்.ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ், எடுத்தா ஆறு மாசம் செல்லும், எடுத்து 30 நாள் கழிச்சு டெஸ்டுக்கு போகலாம், எட்டு போட்டுக் காட்டணும். இப்போ 54-ல எடுத்தா உங்களுக்கு 60 வயசு ஆகுற வரைக்கும் லைசென்ஸ் இருக்கும், அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருசமா புதுப்பிச்சுக்கலாம்.

ரெண்டு வருசம் நின்ன வண்டின்னு சொல்றீங்க, அதனால முதல்ல மெக்கானிக்கை வரச் சொல்லி பேட்டரி, டயர், ஆயில் எல்லாம் பாத்துருங்க, பழைய பெட்ரோலை எடுத்துரச் சொல்லுங்க. இன்சூரன்ஸ் முடிஞ்சிருக்கும், அதையும் பாருங்க. அப்புறம் சீட்டுல உக்காந்தா ரெண்டு பாதமும் முழுசா தரையில படுதான்னு பாக்கணும், பெருவிரல் மட்டும் ஊனுற மாதிரி இருந்தா அந்த வண்டி உங்களுக்கு சரிப்படாது. முதல்ல இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பள்ளிக்கூட கிரவுண்ட்ல காலாலயே தள்ளிட்டு போய் பழகுங்க, பேலன்ஸ் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க. புதுசா படிக்கிறவங்க எல்லாரும் விழுறது ஒரே இடத்துலதான், பயத்துல பிரேக் பிடிக்கும்போது வலது கை ஆக்சிலேட்டரையும் சேத்து முறுக்கிடும். ஆக்சிலேட்டரை விட்டுட்டு பிரேக் பிடிக்கிறதை மட்டும் தனியா பழகினா பாதி பயம் போயிரும். மார்த்தாண்டம் ஜங்ஷன் பக்கம் ஆரம்பத்துல தலை காட்டாதீங்க, நம்ம ஊரு ஏத்தமும் இறக்கமும் உங்களுக்கு தெரியாததில்ல. இன்னொண்ணு, யாருகிட்ட வேணும்னாலும் படிங்க, வீட்டுக்காரர்கிட்ட மட்டும் வேண்டாம். நல்ல மனுசனாவே இருந்தாலும் ரெண்டாவது நாள் சண்டை வந்து மூணாவது நாள் வண்டிக்கு கவர் போட்டு மூடிருவீங்க.

மவன் ஆட்டோவுக்கு காசு தாரேன்னது நல்ல மனசுதான். ஆனா ஆட்டோன்னா எங்க போறேன், எதுக்கு போறேன்னு ஒருத்தர்கிட்ட காரணம் சொல்லணும், ஸ்கூட்டிக்கு அது வேண்டாம்.

அக்காவுக்கு வணக்கம். எனக்கு 61. எங்க வீட்டுக்காரர் இறந்து மூணு வருசம் ஆச்சு. ஒரு ஏக்கர் ரப்பர் விளை இருக்கு, பால் வெட்ட ஆள் வரும், ஷீட் அடிச்சு வித்தா காசு வரும், மத்தபடி நாள் முழுக்க டிவிதான். சீசனுக்கு ஒருத்தர் எங்க விளையில தேன்பெட்டி கொண்டு வைப்பார். அதைப் பாத்துப் பாத்து எனக்கும் ரெண்டு பெட்டி வச்சு வளத்தணும்னு இருக்கு, லாபத்துக்கு இல்ல, சும்மா ஒரு ஆசை. பஹ்ரைன்ல இருக்க மவன், "அம்மைக்கு என்ன கிறுக்கா, ஈ கொட்டிக் கிடந்தா யாரு பாப்பா"ன்னு ஏசுகான்.
வாசகி, குலசேகரம்

இந்த மாசம் வந்த கடுதாசியில "சும்மா ஒரு ஆசை"ன்னு எழுதினது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் பேரனுக்கு, மருந்து வாங்க, நாலு காசு சம்பாதிக்கன்னு ஏதாவது ஒரு காரணத்தை கூட சேத்து எழுதியிருந்தாங்க, அதனால உங்களுக்கு கொஞ்சம் நீளமாவே பதில்.

மார்த்தாண்டம் தேன்னு ஊரெல்லாம் சொல்றாங்களே, 1920-கள்ல ஸ்பென்சர் ஹேட்ச்னு ஒரு அமெரிக்கர் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ மூலமா கிராமத்து ஜனங்களுக்கு கைத்தொழில் சொல்லிக் குடுத்ததுல பெட்டியில தேனீ வளக்கிறதும் ஒண்ணு. 1990-கள் ஆரம்பத்துல ஒரு வைரஸ் நோய் வந்து பெட்டி பெட்டியா ஈ செத்துப்போச்சு, உங்க வயசுக்கு அது ஓர்மை இருக்கும். அதையும் தாண்டி இந்த தொழில் அழியாம நிலைச்சு நின்னதுக்கு ரப்பரும் ஒரு காரணம். ரப்பர் மரம் மார்கழி, தை வாக்குல இலையை உதிர்த்துட்டு புதுசா தளிர் விடும்ல, அந்தத் தளிர்ல மூணு இலை சேருற காம்பு நுனியில பாத்தா சின்னதா ஒரு துளி மினுங்கும், தொட்டு நக்கிப் பாருங்க, இனிக்கும். பூவுல இருந்து இல்ல, அந்த காம்புல இருந்துதான் ஈ தேன் எடுக்கு. அதனாலதான் மாசி, பங்குனியில உங்க விளைக்கு அவரு பெட்டியைத் தூக்கிட்டு வாரார். அந்த மனுசன்தான் உங்களுக்கு வாத்தியார், அடுத்த தடவை வரும்போது ஒரு சாயா குடுத்து பக்கத்துல நின்னு பாருங்க, ரெண்டு பெட்டி ஈயோட விலைக்கு தருவாரான்னும் கேளுங்க. ரெண்டே ரெண்டு போதும்.

பெட்டியில கீழ்த்தட்டுல ராணியும் புழுவும் இருக்கும், மேல்தட்டுல தேன். எடுக்கிறது மேல்தட்டுல இருந்து மட்டும். அடை கட்டியிருக்க மரச்சட்டத்தை தூக்கிப் பாத்தா அடையில முக்கால்வாசி அறையை ஈ வெள்ளையா மெழுகு வச்சு மூடியிருக்கணும், மூடாத தேன்ல தண்ணி கூடுதல், எடுத்து வச்சா புளிச்சுப் போயிரும். ஸ்டாண்டு காலுக்கு அடியில தண்ணிக் கிண்ணம் வைக்கலைன்னா எறும்பு ஏறிரும். நமக்கு ரெண்டு மழையும் உண்டு, மழை பிடிச்சுக்கிட்டா ஈக்கு வெளியில ஒண்ணும் கிடைக்காது, அப்போ சீனிப்பாகு வைக்கணும், இல்லன்னா ஒரு நாள் காலையில பெட்டி காலியா இருக்கும், கூட்டத்தோட பறந்து போயிருக்கும். அதுக்கு மனசு ஒடைஞ்சு போகாதீங்க, வருசக்கணக்கா வளக்கிறவங்களுக்கும் இது நடக்கும்.

கொட்டத்தான் செய்யும். சென்ட், பவுடர், வாசனை எண்ணெய் போட்டுட்டு பெட்டி பக்கம் போகாதீங்க, கறுப்பு உடுப்பும் வேண்டாம், முகத்துக்கு வலை போட்டு கொஞ்சம் புகை காட்டிட்டுத் திறங்க. கொட்டினா கொடுக்கை உடனே நகத்தால சுரண்டி எடுத்துருங்க. அந்த இடம் மட்டும் வீங்கினா பயம் இல்ல. உடம்பு முழுக்க தடிச்சாலோ மூச்சு இறுகினாலோ தலை சுத்தினாலோ யோசிக்காம 108-க்கு போன். பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்கன்னா முன்னாடியே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. இது எல்லாமே பயமா இருந்தா கொட்டாத சிறுதேனீ இருக்கு, பானையிலயோ மூங்கில்லயோ வளத்தலாம், தேன் கொஞ்சமாத்தான் கிடைக்கும், ஆனா விலை நல்ல விலை. (லாபம் வேண்டாம்னு சொன்னவங்களுக்கு விலை எதுக்கு, சும்மா சொல்லி வச்சேன்.)

மவன் அடுத்த தடவை ஏசினா, டிவியைப் பாத்துக்கிட்டே கிடந்தா மட்டும் யாரு பாப்பாங்கன்னு கேளுங்க.

எனக்கு 57. எட்டாம் கிளாஸோட நிறுத்தி வீட்டுல வச்சுட்டாங்க. பத்தாவது தனியா எழுதணும்னு புஸ்தகம் எல்லாம் வாங்கியாச்சு. இப்போ பெங்களூர்ல இருக்க மவன், மருமவளுக்கு பிரசவம், அம்மா வந்து ரெண்டு வருசம் பிள்ளையைப் பாக்கணும்னு சொல்லுகான். போகலைன்னா பேரப்பிள்ளையை விட பரீட்சை பெருசான்னு கேப்பாங்க. போனா இது இனி நடக்காது. ராத்திரி உறக்கம் இல்ல.
வாசகி, தக்கலை

போங்க. ஆனா ரெண்டு வருசத்துக்கு போகாதீங்க.

பிரசவம், பிள்ளை, கை உதவி இதெல்லாம் நிஜமான தேவை, அதை நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு வருசம்ங்கறது யாரு போட்ட கணக்கு? உங்ககிட்ட கேட்டா போட்டாங்க? மூணு மாசம் இருப்பேன், அதுக்குள்ள ஒரு ஆள் வைக்கவோ கிரெச் பாக்கவோ ஏற்பாடு பண்ணுங்கன்னு இப்பவே, கிளம்புறதுக்கு முன்னாடியே, மருமவ இருக்கும்போதே சொல்லிருங்க. மவன்கிட்ட மட்டும் தனியா சொன்னா அது பாதிதான் போய்ச் சேரும். ரயில்ல 60 நாளுக்கு முன்னாடிதான் புக் பண்ண முடியும்ங்கறதால போய் ஒரு மாசம் ஆனதும் நாகர்கோவிலுக்கு ரிட்டன் டிக்கெட் போட்டுருங்க. கையில டிக்கெட் இருக்கிறவங்ககிட்ட இன்னும் கொஞ்ச நாள்னு கேக்க ஒரு தயக்கம் வரும், பாருங்க.

தனித்தேர்வர்னா கூடுன வயசுன்னு ஒண்ணு கிடையாது. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முதல்லயே பதிவு பண்ணணும், பலர் கோட்டை விடுறது அங்கதான், அதனால ஊருக்கு கிளம்புறதுக்கு முந்தி கல்வி அலுவலகத்துல போய் தேதி எல்லாம் கேட்டு எழுதி வச்சுக்கோங்க. புஸ்தகத்தையும் கூடவே கொண்டு போங்க. கணக்கு பயமா இருந்தா மருமவகிட்டயே கேளுங்க, பிள்ளை உறங்குற நேரத்துல ரெண்டு பேருக்கும் பேச வேற விஷயம் கிடைச்ச மாதிரியும் இருக்கும். பக்கத்துல ஆலப்புழையில கார்த்தியாயனி அம்மான்னு ஒருத்தங்க 2018-ல, 96 வயசுல, கேரளா எழுத்தறிவுப் பரீட்சையில நூத்துக்கு 98 எடுத்தாங்க, அப்புறம் 2020-ல ஜனாதிபதி கையால நாரி சக்தி விருது வாங்கினாங்க. அவங்களுக்கு நீங்க மவ வயசு கூட இல்ல, பேத்தி வயசு.

என் மனைவிக்கு 60 வயது. திருமணமாகி 37 வருடம் சேலை மட்டுமே கட்டியவள், இப்போது திடீரென்று சுடிதார் போடுகிறாள், காலையில் கடற்கரையில் நடக்கப் போகிறாள். உறவினர்கள் கேட்கிறார்கள். எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?
வாசகர், கன்னியாகுமரி

யாருக்குப் புரிய வைக்கணும் சார், மனைவிக்கா, உறவினர்களுக்கா? உறவினர்களுக்குன்னா, நடக்க சௌகரியமா இருக்குன்னு போட்டிருக்கான்னு சொல்லிட்டு சாயா குடுத்து அனுப்புங்க. மனைவிக்குன்னா, இந்த மாவட்டத்துல பொம்பளை தோள்ல என்ன போடணும்னு அடுத்தவங்க முடிவு பண்ணதுக்கு எதிரா பெரிய போராட்டமே நடந்து, 1859-ல திருவிதாங்கூர் ராஜா உத்தரவு போட்டு இறங்கி வந்த கதை உங்களுக்குத் தெரியாம இருக்காது. ராஜாவே இறங்கி வந்த விஷயத்துல நீங்க எதுக்கு ஏறி நிக்கீங்க. முடிஞ்சா நாளைக்கு நீங்களும் கூட நடக்கப் போங்க, அவங்க கூப்பிட்டா மட்டும்.

வயசு 51. ஒரு வருசமா பீரியட்ஸ் முன்ன பின்ன வருது, திடீர்னு உடம்பு கொதிக்குது, வேர்த்து ஊத்துது, சின்ன விஷயத்துக்கு அழுகை. நான் வேற ஆளா மாறிட்டேனோன்னு இருக்கு.
வாசகி, நாகர்கோவில்

மாதவிடாய் நிக்கப் போற நேரத்துல வர்றதுதான் இது, ஹார்மோன் ஏறி இறங்குறதுல உறக்கம், மனசு ரெண்டும் சேந்து ஆடும். தொடர்ந்து 12 மாசம் வரலைன்னா நின்னுருச்சுன்னு அர்த்தம். அப்படி நின்ன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வெக்கப்படாம உடனே லேடி டாக்டரைப் பாருங்க, அதை மட்டும் தள்ளிப் போடவே கூடாது. இப்போ இருக்கிற கஷ்டத்துக்கும் மருந்து உண்டு, பொறுத்துக்கிட்டுத்தான் ஆகணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தைராய்டும் இதே மாதிரி படுத்தும்ங்கறதால அதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துருங்க.

நாங்க அஞ்சு பேரு, எல்லாருக்கும் 60-க்கு மேல, சுய உதவிக் குழுவுல பழக்கம். பிறந்து வளந்தது இங்கதான், ஆனா கல்யாணம், சாவு, கோயில் கொடை இதுக்கு இல்லாம எங்கயும் போனதில்ல. முட்டுவலி உள்ளவங்களும் உண்டு. ஒரு நாள் எங்க போகலாம் அக்கா?
வாசகி, இரணியல்

கேக்கவே கொள்ளாம்! டவுன் பஸ்ல 2021-ல இருந்து நமக்கு டிக்கெட் கிடையாது, அதனால பஸ்சுக்கு காசு வேணும்னு யாரும் கணக்கு சொல்ல முடியாது. ஒரே நாள்ல எல்லாத்தையும் பாக்கணும்னு ஓடாதீங்க. விவேகானந்தர் பாறைக்கு போட்டுல இதுவரை போனதில்லைன்னா முதல்ல அதுக்கு ஒரு நாள் வையுங்க, விடிஞ்சதும் போயிருங்க, வெயில் ஏறினா கியூ நீளும், கடல் முரண்டு பிடிச்சா போட்டு விட மாட்டாங்க. பாறையில இருந்து வள்ளுவர் சிலைக்கு 2024 டிசம்பர்ல கண்ணாடிப் பாலம் திறந்துட்டாங்க, 77 மீட்டர் நீளம், நடந்தே போயிரலாம், கீழ அலை அடிக்கிறது தெரியும், பயந்தவங்க நடுவுல இருக்க கண்ணாடியை விட்டுட்டு ஓரமா நடங்க. முட்டுவலிக்காரங்க சிலைக்கு மேல ஏறுற படியை விட்டுருங்க. மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், மேல நல்ல காத்து, ஏறி இறங்க வேண்டியதில்ல, மேல்வழியா போனா நேரா நடக்கலாம். சிதறால் மலைக்கோயில்ல பாறையில சமணச் சிற்பம் அழகு, ஆனா ஏத்தம் உண்டு, முட்டு சம்மதிச்சா மட்டும் போங்க.

உங்களுக்கு ரொம்பப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைதான். மரப்படி சின்னதா செங்குத்தா இருக்கும், குனிஞ்சு போகணும், பைய ஏறுங்க. கறுப்புத் தரை கண்ணாடி மாதிரி மினுங்கும், செருப்பை வெளியில விடணும். கேரளா அரசாங்கம்தான் அதைப் பாத்துக்குது. திங்கக்கிழமை போயிராதீங்க, அன்னைக்கு லீவு.