சிமென்ட்டை உரியுங்கள், சுவர் பிழைக்கும்

கேள்வி: பெரியபட்டினம் பக்கம் எங்களுக்குப் பூர்வீகத் தோப்பு இருக்கிறது. தென்னையும் பனையுமாக, நடுவில் பவளக்கல்லால் கட்டிய பழைய வீடு, தேங்காய்க் கிடங்கு, கிணறு. மதில் பாதி சரிந்துவிட்டது. அப்பா காலமான பிறகு அண்ணன் வீட்டுச் சுவருக்கு சிமென்ட் பூசினார். இப்போது பூச்சோடு கல்லும் மாவாக உதிர்கிறது. ‘இடித்துவிடலாம்’ என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. வழி உண்டா? — ஒரு வாசகி, ராமநாதபுரம்

பதில்: உண்டும்மா. இடிக்க விடாதீர்கள். சுவருக்கு வயசாகிவிட்டது என்று அண்ணன் நினைக்கிறார். அதைக் கெடுத்தது அந்த சிமென்ட். பவளக்கல் முழுக்க நுண்துளைகள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது உறிஞ்சும், சுண்ணாம்புக் காரை அதை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே உறைந்து, கல்லைப் பிளந்து தள்ளுகிறது. தனுஷ்கோடி தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பவளக்கல்தான். 1964 டிசம்பர் புயலில் சிதைந்து, கூரையில்லாமல் இத்தனை வருஷம் உப்புக்காற்றில் கிடந்தும் சுவர்கள் நிற்கின்றன.

தை மாதம் சிமென்ட்டை உளியால் மெதுவாகப் பெயர்த்தெடுங்கள். மிஷின் வேண்டாம், கல் அதிர்ந்து உடையும். கோடை முழுக்கச் சுவர் காயட்டும். மேலே பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் திரும்ப உள்ளே போகும். அப்புறம், ஐப்பசி மழைக்கு முன்பே சுண்ணாம்பு பூசி முடியுங்கள். நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு, ஆற்று மணல். கடல் மணல் கூடவே கூடாது. கடுக்காயும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்ப்பது பழைய வழக்கம்; சாயல்குடிப் பக்கம் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை. பூசிய சுவரில் ஈரச்சாக்கு தொங்கவிட்டு நிதானமாக இறுகவிடுங்கள். காரை வேலை பழகிய கொத்தனாரைக் காரைக்குடிப் பக்கம் விசாரியுங்கள்.

உத்திரக் கட்டைகள் சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகளையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; சுவரில் தேங்கிய ஈரத்தில் உளுத்துப் போயிருக்கலாம்.

கல் குறைந்தால் சரிந்த மதிலிலிருந்து எடுங்கள். கரையில் ஒதுங்கிய பவளத்தைக்கூடத் தொடாதீர்கள். 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது.

கிணற்றில் பெரிய மோட்டார் போட்டிருந்தால் நிறுத்துங்கள். நம் கரையோரத்தில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கும் மெல்லிய அடுக்கு. வேகமாக இழுத்தால் அடியிலுள்ள உப்பு மேலே வரும். தென்னையும் வாடும், அந்த உப்புத் தண்ணீரில் குழைத்த சாந்தும் வீண்.

அண்ணனிடம் சட்டம் பேசித் தொடங்க வேண்டாம். முதலில் ஒரே ஒரு சுவரில் செய்து காட்டுங்கள். ஒரு மழைக்காலம் கழித்து அவரே தொட்டுப் பார்க்கட்டும். அதற்கும் இறங்கி வராவிட்டால், பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி மகளுக்கும் சம பங்கு உண்டு. இடிப்பதற்கு முன்பே நல்ல வக்கீலைப் பார்த்துத் தடை கேளுங்கள்.