வலி எந்தப் பக்கம் என்று வீட்டுக்குத் தெரியுமா?

கேள்வி: எனக்கு வயது 48. மூன்று வருடமாக வலது கன்னத்திலும் தாடையிலும் ஷாக் அடித்த மாதிரி வலி. பல்வலி என்று நினைத்து இரண்டு பல்லைப் பிடுங்கியும் போகவில்லை. பிறகு நரம்பியல் மருத்துவர் ‘ட்ரைஜெமினல் நியூரால்ஜியா’ என்று சொல்லி கார்பமாஸெபைன் மாத்திரை கொடுத்தார். வலி குறைந்திருக்கிறது. ஆனால் நாள் முழுவதும் தூக்கக் கலக்கம், மறதி. பேச்சின் நடுவில் நான் சட்டென்று அமைதியானால் கணவர் “இப்ப எதுக்குக் கோபம்?” என்கிறார். ஏழு வயது மகன் முத்தம் கொடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மாமியாரோ, “நல்லாத்தானே இருக்கே” என்கிறார். சாப்பாட்டு நேரத்தில் எழுந்து தனியாகப் போய்விடுகிறேன். நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்களோ?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வலிக்கு வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஒரு தடவை வெட்டினால் சில நொடி, மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எழுந்து வருவதற்குள் முடிந்துவிடுகிறது. வந்து பார்ப்பவர் கண்ணுக்கு நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள். மாமியார் சொல்வதில் கெட்ட எண்ணம் இருக்கவேண்டும் என்பதில்லை. அவர் பார்ப்பதைச் சொல்கிறார்.

நடிப்பு என்று யாராவது சொன்னால் சொல்லுங்கள்: ஜான் ஃபாதர்கில் என்ற ஆங்கில மருத்துவர் 1773லேயே இந்த வலியை விரிவாக எழுதிவைத்துவிட்டார். முகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘ட்ரைஜெமினல்’ என்று ஒரு நரம்பு, அதற்கு நெற்றி, கன்னம், கீழ்த்தாடை என்று மூன்று கிளைகள். பெரும்பாலானவர்களுக்கு, அந்த நரம்பு மூளைத்தண்டில் சேரும் இடத்துக்கு அருகே ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்தி, மேலுறையைத் தேய்த்துவிடுகிறது. உறை போன மின்கம்பி மாதிரிதான். அப்புறம் காற்று பட்டாலும், பல் தேய்த்தாலும், ஒரு வார்த்தை பேசினாலும் பொறி பறக்கிறது. விசித்திரம் என்னவென்றால், அழுத்திப் பிடித்தால் வலிக்காத கன்னம் இறகு பட்டால் துடிக்கும். “இப்பத்தானே கன்னத்துல கைவெச்சுட்டு இருந்தே, ஃபேன் காத்துக்குப் போய் வலிக்குதா?” என்று கேட்பவருக்கு இதைச் சொல்லாமல் எப்படிப் புரியும்?

நீங்கள் இதையெல்லாம் வலி வரும் நேரத்தில் சொல்ல முயன்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது நடக்காது. வலி அடங்கியிருக்கும் ஒரு நாளில் கணவரை உட்காரவைத்துப் பேசுங்கள். முக்கியமாக ஒன்று: வலி வெட்டும்போது “என்னாச்சு?” என்று கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பதில் சொல்ல வாயைத் திறக்கவேண்டும். திறந்தால் அடுத்த வெட்டு. அக்கறையோடு கேட்கும் கேள்வியே உங்களைச் சுடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கையைத் தூக்கினால் ‘வலி, கொஞ்சம் பொறு’ என்று அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள். கை தூக்காமல் அமைதியாக இருந்தால் கோபம் என்று அவர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கும் கோபப்பட உரிமை வேண்டுமே!

மகன் விஷயம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அம்மா முகத்தைத் திருப்பினால் ஏழு வயதுப் பிள்ளை நரம்பைப் பற்றி நினைக்காது. ‘நான் ஏதோ தப்பு செஞ்சுட்டேன்’ என்றுதான் நினைக்கும். “வலது பக்கம் அம்மாவுக்கு வலிக்கிற பக்கம், இடது பக்கம் உன்னோட பக்கம்” என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள். இப்படி ஒரு விதி கொடுத்தால் குழந்தைகள் பெரியவர்களைவிடக் கறாராகக் காப்பாற்றுவார்கள். அவனால் வந்த வலி இல்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆனால் “அம்மாவுக்கு வலிக்குதான்னு பார்த்துக்கோ” என்ற காவல் வேலையை மட்டும் அவனிடம் கொடுக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். சேர்ந்து உட்காருவதையும் மெல்லுவதையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், மென்மையாக, வெதுவெதுப்பாக, இடது பக்கமாக உங்கள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சாப்பிடும்போது சும்மா வந்து உட்காருங்கள். ஒரு வெட்டு முடிந்ததும் சிறிது நேரம் நரம்பு அடங்கிக் கிடப்பது பலருக்கு உண்டு. உங்களுக்கும் அப்படி என்றால் பல் தேய்க்க அந்த இடைவெளியைப் பயன்படுத்தலாம். வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கினால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

மாத்திரை பற்றி நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. கார்பமாஸெபைன் மயக்கமும் தள்ளாட்டமும் தரக்கூடியது. சிலருக்கு ரத்தத்தில் சோடியம் குறையும், அதனாலும் குழப்பம் வரும். “சோடியம் பார்த்தீர்களா, அளவைப் பிரித்துத் தரமுடியுமா, மெதுவாகக் கரையும் மாத்திரை சரிவருமா?” என்று கேளுங்கள். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே போய்க் காட்டவேண்டும். மற்றபடி தூக்கம் வருகிறதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மருந்து ஒத்துவரவில்லை என்றால் வேறு வழிகள் உண்டு. காதுக்குப் பின்னால் திறந்து, அழுத்தும் ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி வைக்கும் அறுவை சிகிச்சை ஒன்று. ஊசி வழியாகவோ கதிர்வீச்சாலோ நரம்பை மந்தமாக்குவது இன்னொன்று. அதில் கன்னம் மரத்துப்போகலாம். எது பொருந்தும் என்பதை எம்.ஆர்.ஐ. படம் பார்த்து மருத்துவர் சொல்வார்.

ஒரு எச்சரிக்கை. இந்த வலி சில மாதங்கள், சிலருக்கு வருடக்கணக்கில்கூட, காணாமல் போய்விடும். வீட்டில் எல்லோரும் சரியாகிவிட்டது என்று கொண்டாடுவார்கள். திரும்ப வந்தால் “மறுபடியுமா?” என்பார்கள். வரலாம் என்று இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். அடுத்த வெட்டு எப்போது என்ற பயத்திலேயே நாள் போகிறது, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அதை யாரிடமும் மறைக்காதீர்கள். வலியைப் போலவே அதற்கும் சிகிச்சை உண்டு. அதே மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள்.

மாமியாரை நீங்கள் சமாதானப்படுத்த வேண்டாம், அது உங்கள் கணவர் வேலை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் நூறு முறை சொல்வதை மருத்துவர் ஒரு முறை சொன்னால் போதும்; அநியாயம்தான், ஆனாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.