ஓட்டுப்பெட்டி காணாமல் போன கதை: உலகக் கோப்பையை நடத்தும் உரிமை பற்றிக் கேள்வி பதில்

கால்பந்து உலகக் கோப்பையில் எனக்கு ஆட்டங்கள் எவ்வளவு பிடிக்குமோ, அதை எந்த நாட்டில் நடத்துவது என்று நடக்கும் இழுபறியும் அதே அளவு பிடிக்கும். கொஞ்சம் விநோதமான ரசனைதான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எந்த நாடு நடத்த வேண்டும் என்று முடிவு செய்வது யார்?

2010 வரைக்கும், உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் செயற்குழு. மொத்தமே 24 பேர். ரகசிய வாக்கெடுப்பு. ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் இருக்கும் நாடு வெளியேறும், யாராவது பாதிக்கு மேல் ஓட்டு வாங்கும்வரை இது தொடரும். 24 பேர் என்றால் என்ன அர்த்தம்? பதின்மூன்று பேரின் மனதைப் பிடித்துவிட்டால் போதும். ஓர் உலகப் போட்டியின் தலையெழுத்து ஒரு ஹோட்டல் வராந்தாவில் அடங்கிவிடும்.

2022 போட்டியைக் கத்தாருக்குக் கொடுத்தபோது 2010இல் நடந்த கூத்துக்குப் பிறகு, 2013இல் மொரீஷியஸில் கூடிய ஃபிஃபா மாநாடு விதியை மாற்றியது. இப்போது 211 உறுப்பு நாடுகளும் ஓட்டுப் போடலாம். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஆண்கள் உலகக் கோப்பைக்கு இந்த முறையில் உண்மையான போட்டி நடந்தது ஒரே ஒரு தடவை, 2026 போட்டிக்காக 2018இல் மாஸ்கோவில். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

கேள்வி: ஒரு நாடு விண்ணப்பித்தால் ஃபிஃபா என்னென்ன கேட்கும்?

முதலில் மைதானங்கள். 48 அணிகள் ஆடும் போட்டிக்குக் குறைந்தது 14 வேண்டும். சாதாரண ஆட்டங்களுக்கு 40,000 இருக்கைகள், அரையிறுதிக்கு 60,000, தொடக்க ஆட்டத்துக்கும் இறுதிப் போட்டிக்கும் 80,000. அப்புறம் பயிற்சி மைதானங்கள், ஹோட்டல்கள், விமான நிலையங்கள்.

பலர் கவனிக்காதது அரசின் உத்தரவாதக் கடிதங்களை. வரிவிலக்கு, விசா, பாதுகாப்பு, வெளிநாட்டுப் பணத்தைத் தடையில்லாமல் கொண்டுபோகும் வசதி என்று எல்லாவற்றுக்கும் அரசே கையெழுத்துப் போட வேண்டும். தேவைப்பட்டால் சட்டத்தையும் மாற்ற வேண்டும். பிரேசிலில் மைதானங்களுக்குள் மது விற்கத் தடை இருந்தது. 2014 போட்டிக்காக 2012இல் தனிச் சட்டமே போட்டு அதைத் தளர்த்தினார்கள். கத்தாரில் தலைகீழாக நடந்தது. தொடக்க ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, மைதானங்களைச் சுற்றி பீர் விற்பனை கிடையாது என்று அறிவித்தார்கள். அங்கே ஃபிஃபாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. யாருக்கு யார் தேவை என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

கேள்வி: சார், மொராக்கோ எத்தனை தடவை தோற்றது? ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர் வருகிறது, ஆனால் கிடைப்பதே இல்லையே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஐந்து தடவை.

1994க்கான போட்டியில் அமெரிக்காவுக்கு 10, மொராக்கோவுக்கு 7, பிரேசிலுக்கு 2. முடிவு வந்த தேதியைப் பாருங்கள்: 1988 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். 1998க்கு மறுபடி வந்தார்கள். பிரான்ஸ் 12, மொராக்கோ 7. 2006க்கு முதல் சுற்றிலேயே வெளியே. 2010 போட்டியை ஆப்பிரிக்க நாடுகளுக்கு மட்டும் என்று ஒதுக்கியபோது, 'இந்தத் தடவை நிச்சயம்' என்று பலர் நினைத்தார்கள். தென்னாப்பிரிக்கா 14, மொராக்கோ 10. எகிப்துக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை.

ஐந்தாவது, 2026க்கு. எதிரே அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து நின்றன. ஃபிஃபாவின் ஆய்வுக் குழு கூட்டணிக்கு ஐந்துக்கு 4.0 மதிப்பெண் போட்டது, மொராக்கோவுக்கு 2.7. கூட்டணியிடம் தயார் நிலையில் மைதானங்கள் இருந்தன. மொராக்கோ 14 மைதானங்களையும் புதிதாகக் கட்டவோ புதுப்பிக்கவோ வேண்டியிருந்தது. ஆனால் முடிவை உறுதிசெய்தது வேறொரு எண் என்பது என் கணிப்பு. எங்களிடம் தந்தால் ஃபிஃபாவுக்கு 1,100 கோடி டாலர் லாபம் என்றது கூட்டணி. மொராக்கோ சொன்னது 500 கோடி. அந்த லாபத்தில் பங்கு வாங்கப் போகிற நாடுகள்தான் ஓட்டுப் போடவும் உட்கார்ந்திருந்தன. கூட்டணிக்கு 134 ஓட்டு, மொராக்கோவுக்கு 65.

இதில் கவனிக்க வேண்டியது, தோற்ற நாடு ஒவ்வொரு தடவையும் எதையாவது கற்றுக்கொண்டது. தனியாக நின்றால் கிடைக்காது என்பதை ஐந்தாவது தோல்வியில் புரிந்துகொண்டார்கள். அடுத்த தடவை ஸ்பெயின், போர்ச்சுகலோடு கைகோத்து 2030ஐ வாங்கிவிட்டார்கள். காசாபிளாங்காவுக்குப் பக்கத்தில் 1,15,000 பேர் உட்காரும் மைதானத்துக்குத் திட்டம் போட்டு, இறுதிப் போட்டியே எங்களுக்கு வேண்டும் என்று ஸ்பெயினோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

கேள்வி: ஒருவர் ஓட்டுப் போடாமல் எழுந்து போனதால் 2006 போட்டி ஜெர்மனிக்குக் கிடைத்தது என்று சொல்வது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. 2000 ஜூலையில் சூரிச்சில் நடந்தது. கடைசிச் சுற்றில் ஜெர்மனியும் தென்னாப்பிரிக்காவும். பசிபிக் பகுதி நாடுகள் சேர்ந்த ஓசியானியாவின் பிரதிநிதி சார்லஸ் டெம்ப்சி. முதலில் இங்கிலாந்துக்கு, அது போய்விட்டால் தென்னாப்பிரிக்காவுக்கு என்று அவருடைய கூட்டமைப்பு சொல்லி அனுப்பியிருந்தது. இங்கிலாந்து வெளியேறியது. கடைசிச் சுற்றில் அவர் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. தாங்க முடியாத நெருக்கடி என்றார். ஜெர்மனி 12, தென்னாப்பிரிக்கா 11. அவர் ஓட்டு விழுந்திருந்தால் 12-12 என்று சமமாகி, தலைவர் செப் பிளாட்டரின் கையில் முடிவு போயிருக்கும். பிளாட்டர் தென்னாப்பிரிக்காவின் பக்கம் என்பது ஊரறிந்த விஷயம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாக்கெடுப்புக்கு முந்தைய இரவு, டைட்டானிக் என்கிற ஜெர்மன் நையாண்டிப் பத்திரிகை செயற்குழு உறுப்பினர்கள் சிலருக்கு ஃபேக்ஸ் அனுப்பியது. ஜெர்மனிக்கு ஓட்டுப் போட்டால் பன்றி இறைச்சியும் ஒரு குக்கூ கடிகாரமும் பரிசு என்று! டெம்ப்சிக்கும் அந்த ஃபேக்ஸ் போனது. அதனால்தான் அவர் எழுந்து போனார் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கத்தார் விஷயத்தில் லஞ்சம் நிரூபிக்கப்பட்டதா? நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

நேரடியாகவே சொல்கிறேன். கத்தார் மறுக்கிறது. ஃபிஃபா நியமித்த மைக்கேல் கார்சியாவின் அறிக்கை பல முறையற்ற நடவடிக்கைகளைப் பட்டியலிட்டது, ஆனால் 'இவ்வளவு பணம், இந்த ஓட்டு' என்று முடிச்சுப் போடும் ஆதாரம் அதில் இல்லை. அதன் சுருக்கத்தை ஃபிஃபா வெளியிட்ட விதம் தவறு என்று சொல்லி கார்சியா 2014 டிசம்பரில் விலகினார். முழு அறிக்கை 2017இல்தான் வெளியே வந்தது. 2020இல் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள், ரஷ்யாவுக்கும் கத்தாருக்கும் ஓட்டுப் போடச் சில உறுப்பினர்கள் பணம் வாங்கினார்கள் என்று குற்றப்பத்திரிகையில் எழுதினார்கள். குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு.

அந்த நாளைப் பற்றி எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வேறு. 2010 டிசம்பர் 2 அன்று ஒரே அமர்வில் 2018, 2022 இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு பரிசுகள் ஒரே மேசையில் இருந்தால் 'எனக்கு நீ இதில் போடு, உனக்கு நான் அதில் போடுகிறேன்' என்ற பேரம் வராமல் இருக்குமா? ஓட்டு விற்கத் தயார் என்று பேசி ஒரு நாளிதழின் மறைமுக விசாரணையில் சிக்கிய விவகாரத்தில் இரண்டு உறுப்பினர்கள் முன்கூட்டியே இடைநீக்கம் ஆகியிருந்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் 22 பேர். கடைசிச் சுற்றில் கத்தார் 14, அமெரிக்கா 8. ஜூன், ஜூலை வெயில் உடல்நலத்துக்கு ஆபத்து என்று ஃபிஃபாவின் சொந்த ஆய்வுக் குழுவே எழுதி வைத்திருந்தது. படித்தார்களா என்று தெரியவில்லை. ஓட்டுப் போட்டு நாலு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 2015இல், போட்டியை நவம்பர்-டிசம்பருக்கு மாற்றினார்கள்.

பாவம் ஆஸ்திரேலியா. அரசுப் பணம் 4.5 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவழித்தது. கிடைத்தது ஒரே ஓட்டு.

தொடர்கேள்வி: அப்படியானால் மற்ற நாடுகள் எல்லாம் சுத்தமா?

இல்லை. செயற்குழுவில் இருந்த அமெரிக்கர் சக் பிளேசர், 1998, 2010 தேர்வுகளில் லஞ்சம் கைமாறியதில் தனக்குப் பங்கு உண்டு என்று அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கத்தாரை மட்டும் விரல் நீட்டுவது சௌகரியமான கோபம்.

கேள்வி: வாங்கிய உரிமையைத் திருப்பிக் கொடுத்த நாடு இருக்கிறதா அண்ணா?

ஒன்று இருக்கிறது, கொலம்பியா. 1986 போட்டியை 1974லேயே வாங்கிவிட்டது. அப்போது உலகக் கோப்பையில் 16 அணிகள்தான். 1982இல் அது 24 ஆனது. ஃபிஃபாவின் தேவைப் பட்டியலும் கூடவே வீங்கியது. அதே வருடம் அக்டோபரில் அதிபர் பெலிசாரியோ பெத்தான்கூர், நாட்டில் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன, இந்த ஆடம்பரத்துக்கு நேரமில்லை என்கிற தொனியில் அறிவித்துவிட்டார். அமெரிக்கா, தன் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிசிஞ்சரையே முன்னால் நிறுத்திக் கேட்டுப் பார்த்தது. 1983இல் ஃபிஃபா மெக்சிகோவிடம் கொடுத்தது. 1986இல் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா போட்ட அந்த இரண்டு கோல்களும் கொலம்பிய மண்ணில் விழுந்திருக்க வேண்டியவை என்று நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

கேள்வி: இரண்டு, மூன்று நாடுகள் சேர்ந்து நடத்துவது ஏன் இப்போது வழக்கமாகிவிட்டது?

கணக்குதான். 32 அணிகள் இருந்தபோது 64 ஆட்டங்கள். 48 அணிகளுக்கு 104. இதைத் தனியாகத் தாங்கக்கூடிய நாடுகள் மிகச் சில.

2002இல் ஜப்பானும் தென்கொரியாவும் சேர்ந்தது ஆசைப்பட்டு அல்ல. இரண்டும் ஒன்றையொன்று வீழ்த்தக் கடுமையாக மோதின. ஃபிஃபாவுக்குள் ஒரு கோஷ்டி ஜப்பானுக்கும், ஐரோப்பியர்களில் பலர் அதற்கு எதிராகவும் நின்றார்கள். ஓட்டு எண்ணிக்கையில் அசிங்கமாகிவிடும் என்று பயந்து 1996இல் பாதிப் பாதி பிரித்துக் கொடுத்தார்கள். பெயரில் கொரியா முன்னால், இறுதிப் போட்டி யோகோஹாமாவில்.

2030 இன்னும் விசித்திரம். முதல் உலகக் கோப்பை 1930இல் உருகுவேயில். வருகிற அணிகளின் பயணம், தங்குமிடம் எல்லாச் செலவும் எங்களுடையது என்று சொல்லித்தான் அந்தச் சின்ன நாடு உரிமையை வாங்கியது. அப்படியும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவை நான்கே அணிகள். அதன் நூற்றாண்டு என்பதால் உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே மூன்றுக்கும் தலா ஓர் ஆட்டம். மீதி எல்லாம் மொராக்கோ, ஸ்பெயின், போர்ச்சுகலில். தென் அமெரிக்காவுக்குப் பாயசத்தில் ஒரு கரண்டி. பானை வேறு பக்கம் போய்விட்டது.

கேள்வி: 2034 சவூதி அரேபியாவுக்குப் போட்டியே இல்லாமல் போனது எப்படி?

மேலே சொன்ன பதிலில்தான் இதற்கான சாவி. ஒரு கண்டம் நடத்தினால், அடுத்த இரண்டு போட்டிகளை அது கேட்க முடியாது என்று விதி. 2026 வட அமெரிக்கா. 2030இல் ஒரே வீச்சில் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா மூன்றும் கணக்கில் வந்துவிட்டன. மீதி? ஆசியாவும் ஓசியானியாவும் மட்டும்.

இதை அறிவித்தது 2023 அக்டோபர் 4. 2034க்கு விருப்பம் தெரிவிக்கக் கடைசி நாள் அக்டோபர் 31. நாலு வாரம்கூட இல்லை. சவூதி அறிவிப்பு வந்த அன்றே எழுந்து நின்றது. யோசித்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலியா கடைசி நாளில் பின்வாங்கியது. 2024 டிசம்பர் 11 அன்று இணையவழி மாநாட்டில் 2030, 2034 இரண்டையும் சேர்த்து, ஓட்டு இல்லாமல், கைதட்டலாலேயே நிறைவேற்றினார்கள். நார்வே மட்டும் இந்த முறை சரியில்லை என்று வெளிப்படையாக எதிர்ப்பைப் பதிவு செய்தது. ஒரே நாளில் இரண்டு போட்டிகளைக் கொடுத்ததுதான் 2010இல் தவறு என்று எல்லோரும் சொன்னார்கள். பதினான்கு வருடம் கழித்து மறுபடி அதையேதான் செய்தார்கள், இந்தத் தடவை வாக்குச்சீட்டும் இல்லாமல்.

யாருக்கும் லஞ்சம் கொடுக்கத் தேவையில்லை என்பது ஒரு முன்னேற்றம்தான் என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்தார்.

கேள்வி: நடத்தும் நாட்டுக்கு லாபம் உண்டா, இல்லையா?

ஃபிஃபாவுக்கு உண்டு. கத்தார் போட்டியோடு முடிந்த நான்கு வருடங்களில் அதன் வருமானம் சுமார் 750 கோடி டாலர். ஒளிபரப்பு உரிமைப் பணமும் பெரிய விளம்பரதாரர் பணமும் அங்கேதான் போகும். மைதானம் கட்டிய கடன் நாட்டுக்கு. பிரேசில் 12 நகரங்களில் நடத்தியது. ஃபிஃபாவே அவ்வளவு கேட்கவில்லை. அமேசான் காட்டு நடுவே மனாவுஸில் 40,000க்கு மேல் இருக்கைகளோடு கட்டினார்கள், அந்த ஊரில் அதை நிரப்பும் அளவுக்குப் பெரிய கிளப் இல்லை. தலைநகர் பிரேசிலியாவின் மைதானம் கொஞ்ச காலம் பேருந்து நிறுத்தமாக இருந்தது.

கேள்வி: பெண்கள் உலகக் கோப்பைக்கும் இதே கதையா?

அங்கே 2024லும் ஓட்டு உயிரோடு இருந்தது. 2024 மே மாதம் பாங்காக்கில், 2027க்காக பிரேசில் ஒரு பக்கம், பெல்ஜியம்-நெதர்லாந்து-ஜெர்மனி கூட்டணி இன்னொரு பக்கம். வெளிப்படையாக 119க்கு 78. பிரேசில் ஜெயித்தது.

கேள்வி: 2038 யாருக்கு? ஒரு ஊகம் சொல்லுங்கள்.

அதே விதியை வைத்துக் கணக்குப் போடுங்கள். 2030இல் மூன்று கண்டங்கள், 2034இல் ஆசியா. மிச்சம் வட அமெரிக்காவும் ஓசியானியாவும். கால்பந்தில் ஆஸ்திரேலியா ஆசியக் கணக்கில் வருகிறது, எனவே ஓசியானியாவில் நியூசிலாந்தை விட்டால் இதற்கு யோசிக்கக்கூட ஆள் இல்லை. எனவே 2026 முடிந்து பன்னிரண்டே வருடத்தில் அமெரிக்கா திரும்ப வரலாம், அல்லது விதி மாறலாம். கண்டங்களைச் சுற்றிவரும் முறையைப் பெரிதாகக் கொண்டுவந்துவிட்டு, 2014க்கு பிரேசில் மட்டுமே மிஞ்சியதும் 2007இல் அதைத் தூக்கிப் போட்டவர்கள்தானே இவர்கள். என் பணத்தை விதி மாறும் என்பதன் மேல்தான் வைப்பேன்.