காமலாபுரத்திலிருந்து மீனம்பாக்கம்: தொலைவும் நேரமும்

சேலத்திலிருந்து சென்னை 340 கி.மீ. என்றே அறிந்திருக்கிறேன். விமானத் தொலைவு 266 கி.மீ. என்கிறார்களே, எது சரி? (அம்மாப்பேட்டை வாசகர்)

இரண்டும் சரிதான். முதலாவது உளுந்தூர்பேட்டை வழியாகச் செல்லும் சாலையின் நீளம். இரண்டாவது, சேலத்தின் காமலாபுரம், சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையங்களுக்கு இடையே பூமியின் வளைவையொட்டி அளந்த மிகக் குறுகிய தொலைவு. சில பட்டியல்களில் 143 என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அது கடல் மைல் கணக்கு, ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

மணிக்கு 500 கி.மீ. வேகம் என்றால் 32 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டாமா? பயணச்சீட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று இருக்கிறதே? (சூரமங்கலம் வாசகர்)

உங்கள் வகுத்தல் பிழையில்லை. ஆனால் அந்த வேகம் உயரத்தை எட்டிய பிறகு வருவது. இங்கே பறக்கும் ஏடிஆர் 72 என்ற சிறிய உந்துவிசிறி விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதைவிட மெதுவாகவே பறக்கும். இவ்வளவு குறுகிய பயணத்தில் ஏற்றமும் இறக்கமுமே பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. மேலும், அட்டவணை நேரம் என்பது விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் சென்னையில் ஓடுபாதையை விட்டு ஊர்ந்து தன் இடத்தில் நிற்கும் வரையிலான நேரம். அங்கே தரையிறங்க வரிசையில் காத்திருக்கும் நிமிடங்களுக்கும் அதில் இடம் விட்டிருப்பார்கள். பலரும் காற்றைக் குறை சொல்கிறார்கள். மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று வீசினாலும் 32 நிமிடம் 35 அல்லது 36 ஆகும், அவ்வளவே. சேலத்திலிருந்து ஐதராபாத் ஏறத்தாழ 606 கி.மீ., அதாவது சென்னையைப் போல் இரு மடங்குக்கும் மேல். பயண நேரமோ அந்த அளவுக்குப் பெருகுவதில்லை.

சென்னை விமானம் சில நாட்களில் தென்மேற்கே கிளம்பிப் பிறகு திரும்புவது ஏன்? (ஏற்காடு வாசகர்)

விமானம் காற்றை எதிர்த்தே மேலெழும். காமலாபுரம் ஓடுபாதை வடகிழக்கு-தென்மேற்காக அமைந்தது. தென்மேற்குக் காற்று வீசும் ஆடி மாதத்தில் சென்னைக்கு முதுகைக் காட்டித்தான் புறப்பட வேண்டியிருக்கும். கிழக்கே உங்கள் சேர்வராயன் மலை 1,600 மீட்டருக்கு எழுந்து நிற்கிறது. விமான நிலையமோ ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே மலைப்பக்கம் திரும்புமுன் போதிய உயரம் பெற்றாக வேண்டும்.

பெரிய ஜெட் விமானங்கள் ஏன் வருவதில்லை? (ஓமலூர் வாசகர்)

ஓடுபாதை 1,806 மீட்டர்தான், பெரிய ஜெட்டுகளுக்கு அது போதாது. 2018 மார்ச்சில், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் தொடங்கிய சென்னைச் சேவையும், அது நின்றுபோய் 2023 அக்டோபரில் மீண்டு வந்ததும் ஏடிஆர் விமானங்களால்தான்.

ஆத்தூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போவது லாபமா? (ஆத்தூர் வாசகர்)

என் கணக்கில் இல்லை. கிழக்கே இருக்கும் சென்னைக்குப் போக நீங்கள் மேற்கே ஏறத்தாழ 70 கி.மீ. வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே நிலையத்தில் இருந்து, இறங்கிய பின் பெட்டிக்கும் காத்திருந்தால், காரில் நேரே செல்வதைவிட மிஞ்சுவது சொற்பமே. விமான நிலையத்துக்கு மேற்கே இருக்கும் மேட்டூர்க்காரர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.