ஆர்.ஏ. ஃபேக்டர் ‘நெகட்டிவ்’, விரல் முட்டி வீக்கம் ஏன் வடியவில்லை?

கேள்வி: எனக்கு வயது 42. இரண்டு மாதமாக இரு கைகளிலும் ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் அடி முட்டிகள் வீங்கி வலிக்கின்றன. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்கவே முடிவதில்லை. அந்த இறுக்கம் விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ரத்தப் பரிசோதனையில், முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்று வந்ததால், ‘வாதம் எதுவும் இல்லை’ என்று வலி மாத்திரை மட்டும் தந்தார்கள். அதைப் போட்டால் வலி அடங்குகிறது; வீக்கம் அப்படியே இருக்கிறது. சிறு வயதிலிருந்தே எனக்கு நெட்டி முறிக்கும் பழக்கம் உண்டு. அதனால்தான் முட்டி தேய்ந்துவிட்டதா?

பதில்: நெட்டி முறித்ததன் மேல் பழியைப் போடாதீர்கள். விரலை இழுக்கும்போது மூட்டுக்குள் அழுத்தம் சட்டென்று குறைகிறது. அங்குள்ள திரவத்தில் வாயுக்குமிழி உருவாகிறது. அந்தச் சத்தம்தான் நமக்குக் கேட்கிறது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 60 ஆண்டுகளுக்கு மேல் இடது கையில் மட்டும் தினமும் நெட்டி முறித்து, வலது கையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைத்தார். இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் வரவில்லை. இதற்காக 2009இல் அவருக்கு இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. ஒரே ஒருவரின் கைகளை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால், பலரை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் இந்தப் பழக்கத்துக்கும் மூட்டுவாதத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. முட்டி வீங்கியிருக்கும் இப்போது மட்டும் அதை இழுக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு: வலிக்கும் இடமும் காலை இறுக்கமும். வயதாவதால் வரும் தேய்மானம் பெரும்பாலும் நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவிலும், நடுக்கணுவிலும், கட்டைவிரலின் அடியிலும்தான் வரும். தொட்டால் எலும்பு முண்டு போலக் கடினமாக இருக்கும். காலை இறுக்கமும் அரை மணிக்குள் விட்டுவிடும். விரல் உள்ளங்கையோடு சேரும் அடி முட்டி இரு கைகளிலும் மெத்தென்று வீங்கி, ஆறு வாரங்களைத் தாண்டி நீடித்து, காலையில் ஒரு மணி நேரம் மடக்க முடியவில்லை என்றால், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் முடக்குவாதமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். முடிந்தவரை கையை மூடிப் பாருங்கள். முட்டிகளுக்கு இடையே இருக்க வேண்டிய பள்ளங்கள் நிரம்பியிருக்கின்றனவா? யாராவது கை குலுக்கினால் ‘ஐயோ’ என்று கையை இழுத்துக்கொள்கிறீர்களா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் என் சந்தேகம் வலுக்கிறது.

ரத்தத்தில்தான் ஒன்றும் இல்லையே என்பீர்கள். முடக்குவாதம் உள்ள 10 பேரில் 2, 3 பேருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாகவே இருக்கும். நோயே இல்லாத சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, பாசிட்டிவாக வரும். இந்த ஒரு தாளைப் பார்த்து ‘வாதம் இல்லை’ என்று அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எனக்கு இதில் வருத்தம் உண்டு. முடக்குவாதத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்டி சி.சி.பி., உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். மூட்டுச் சவ்வின் வீக்கத்தை அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுக்கும்.

வேறு காரணங்களும் உண்டு. வீக்கம் தொடங்கும் முன் சிக்குன்குனியா போன்ற காய்ச்சல் வந்ததா, தோலில் சொரியாசிஸ் செதிலோ நகத்தில் ஊசிக்குழியோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். உடலில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேரும் ஒரு பரம்பரை நோய் குறிவைப்பதும் இதே இரண்டு விரல்களின் அடி முட்டிகளைத்தான். அரிதானது என்றாலும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்த்துவிடலாம்.

முடக்குவாதம் என்று உறுதியானால் வலி மாத்திரை போதாது. வீங்கிய சவ்வு குருத்தெலும்பையும் எலும்பையும் அரிப்பதை அது தடுக்காது. அரிப்பு முற்றினால் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிடும்; சாய்ந்த விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது. நோயையே அடக்கும் மருந்தை முதல் சில மாதங்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். வழக்கமாக முதலில் தருவது மெத்தோட்ரெக்ஸேட். இதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினசரி மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. ஆகவே கிழமையைப் பெட்டியின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். கூடவே ஃபோலிக் அமிலமும் தருவார்கள். ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலோ இந்த மருந்து கூடாது. பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கக் குறைந்த அளவு ஸ்டீராய்டு தரலாம். அது சீக்கிரம் கேட்கிறதே என்று நீங்களாகவே வாங்கித் தொடராதீர்கள்.

இதற்கு அடங்காவிட்டால் சேர்க்க வேறு மாத்திரைகளும் ஊசி மருந்துகளும் இருக்கின்றன. முட்டி முழுதும் சிதைந்தவர்களுக்குச் சிலிக்கோன் மூட்டு வைப்பதும் உண்டு; நீங்கள் அதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

வீட்டில், காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து விரல்களை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். வீங்கிய முட்டியை அழுத்தித் தேய்க்கக் கூடாது. மோதிரத்தை இன்றே கழற்றிவிடுங்கள். வீக்கம் கூடினால் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். ஒரே ஒரு முட்டி திடீரென்று சிவந்து கொதித்து, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அது கிருமித்தொற்றாக இருக்கலாம்.

மூட்டுவாத நிபுணரை இந்த வாரமே பார்க்க முயலுங்கள். மதியத்துக்குள் வீக்கம் சற்று வடிந்துவிடக்கூடும் என்பதால், காலையில் எழுந்ததும் இரு கைகளையும் செல்போனில் படமெடுத்து எடுத்துச் செல்லுங்கள்.